சண்டை போடுவது யார்?

ஐ.சி.யூ. வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தவர்கள் பலருக்கு இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ட்யூட்டி டாக்டர் வருவார். மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குவார். "உங்க அப்பா வென்டிலேட்டரோட ஃபைட் பண்றாரு சார். அதான் மயக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கோம்" என்பார். நாமும் தலையாட்டுவோம். வேறென்ன செய்வது? அவர் எப்பவுமே பிடிவாதக்காரர்தான் என்று அம்மா ஓரமாக முணுமுணுப்பார்.

அந்த வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பாருங்கள். அப்பா. மெஷின் பாவம், ஒரு மூலையில் சாதுவாக நின்று தன் வேலையைப் பார்க்கிறது. இவர்தான் வம்புக்குப் போகிறார். வாயில் குழாயோடு, பேச முடியாமல், சில சமயம் கையும் கட்டப்பட்டுக் கிடக்கும் ஒரு மனிதர் மேல் எவ்வளவு சுலபமாகப் பழி விழுந்துவிடுகிறது!

உண்மையில் பல சமயம் வம்பை ஆரம்பிப்பது மெஷின். இன்னும் நியாயமாகச் சொன்னால், மெஷினை இவருக்கு ஏற்றபடி வைக்காதவர்கள். அதை மெஷினின் திரையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுக்கலாம். சொல்லிக் கொடுத்தால் வருகிறது என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனாலும் அதை யாருடைய கட்டாய வேலையாகவும் நாம் ஆக்கவில்லை. இந்த வாரத்துக் கோபம் அதுதான்.

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். பயப்படாதீர்கள், நான் படித்தது பி.காம். எனக்கே புரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

நீங்களும் நானும் மூச்சு விடும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, மார்புக்கூடு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று தானாக உள்ளே வருகிறது. அதாவது நாம் இழுக்கிறோம். வென்டிலேட்டர் செய்வது நேர் எதிர், அது தள்ளுகிறது. வென்டிலேட்டரில் இருக்கிறார் என்றால் எல்லாவற்றையும் மெஷினே செய்கிறது, ஆள் சும்மா கிடக்கிறார் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆபரேஷன் தியேட்டரில் அது பெரும்பாலும் சரி. ஐ.சி.யூ.வில் அப்படியில்லை. அங்கே பலருக்கு சொந்த மூச்சும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட வேண்டும் என்றுதான் டாக்டர்களும் விரும்புகிறார்கள். உதரவிதானம் ஒரு தசை. வேலை கொடுக்காமல் வைத்திருந்தால் சில நாட்களிலேயே மெலிந்துபோகும்.

ஆக, ஒரே மார்புக்குள் இரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள். ஒரே உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு உலக்கை இறங்கும்போது இன்னொன்று ஏறும். கண்ணை மூடிக்கொண்டு குத்துவார்கள், ஒன்றும் ஆகாது. தாளம் ஒரு தடவை தப்பினால் போதும், உலக்கையும் உலக்கையும் மோதும். மெஷின் ஒவ்வொரு மூச்சிலும் மூன்று விஷயங்களை முடிவு செய்கிறது. எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவு வேகத்தில் கொடுப்பது, எப்போது நிறுத்துவது. நோயாளியின் மூளையும் அதே மூன்றை முடிவு செய்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதை மருத்துவர்கள் 'அசின்க்ரனி' என்கிறார்கள். நாம் தாளம் தப்புவது என்றே வைத்துக்கொள்வோம்.

முப்பது வருஷம் பீடி பிடித்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது விறகடுப்பை ஊதி ஊதியே சமைத்த ஒரு பாட்டியை. சி.ஓ.பி.டி. என்கிற நுரையீரல் அடைப்பு நோய். இவர்களுக்குக் காற்றை உள்ளே வாங்குவதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். முழுக்க வெளியே போவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். மிச்சக் காற்று உள்ளேயே தேங்கும், அதோடு அழுத்தமும். இப்போது பாட்டி அடுத்த மூச்சை இழுக்க வேண்டுமானால் முதலில் அந்தத் தேங்கிய அழுத்தத்தை முறியடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் அவர் இழுக்கிறார் என்பதே மெஷினுக்குத் தெரியவரும். பல தடவை பாட்டியின் பலம் பாதி வழியிலேயே தீர்ந்துபோகிறது. அவர் இழுத்தார், மெஷின் கவனிக்கவில்லை. கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார், உள்ளே டி.வி. சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்கிற மாதிரி.

திரையில் என்ன தெரியும்? நிமிடத்துக்கு 16 மூச்சு என்று ஒரு எண். அழகான எண். பாட்டியின் மார்பையும் வயிற்றையும் பார்த்து எண்ணினால் 26 இருக்கும். (உதாரணத்துக்குச் சொல்கிறேன்.) அந்த வித்தியாசமான 10 மூச்சுகளும் வீணான உழைப்பு. எண்ணுக்குப் பக்கத்திலேயே மெஷின் அலை அலையாகக் கோடு வரைந்துகொண்டிருக்கிறதே, அதில் வெளிமூச்சுக் கோட்டில் சின்னதாக ஒரு நெளிவு தெரியும். அவ்வளவுதான் தடயம். தெரிந்தவர் கண்ணுக்கு அது பாட்டி போடும் கூச்சல். தெரியாதவருக்கு வெறும் கோடு.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. பாட்டி சிரமப்படுவதைப் பார்த்து மனசு இளகும் ஒருவர் என்ன செய்வார்? மெஷினின் உதவியைக் கூட்டுவார். இன்னும் அதிகக் காற்று உள்ளே போகும், இன்னும் அதிகம் தேங்கும், இன்னும் அதிக மூச்சுகள் கவனிக்கப்படாமல் போகும். இந்த நிலைமையில் பல நேரம் செய்ய வேண்டியது உதவியைக் குறைப்பது, காற்று கொடுக்கும் நேரத்தைச் சுருக்குவது, வெளியே விட அவகாசம் தருவது. பொது அறிவுக்கு நேர் எதிர். அதனால்தான் இது அனுபவத்தில் தானாக வந்துவிடும் என்று விட முடியாத விஷயம்.

இன்னொரு ரகம் இதற்குத் தலைகீழ். நோயாளிக்கு இன்னும் காற்று வேண்டும், மெஷின் 'போதும்' என்று நிறுத்திவிடுகிறது. அவர் இன்னும் இழுத்துக்கொண்டே இருப்பதால், அதை அடுத்த மூச்சு என்று நினைத்து மெஷின் உடனே இன்னொன்று தருகிறது. முதல் மூச்சு வெளியேறவே இல்லை, அதன் தலைமேல் இரண்டாவது. இதில் என்ன போயிற்று என்கிறீர்களா? 2000-ல் அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று உலகம் முழுக்க ஐ.சி.யூ.க்களின் பழக்கத்தையே மாற்றியது. ஏ.ஆர்.டி.எஸ். என்கிற கடுமையான நுரையீரல் பாதிப்பில், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி காற்று கொடுத்தபோது இறந்தவர்கள் 39.8 சதவீதம். அதையே 6 மில்லியாகக் குறைத்தபோது 31 சதவீதம். காற்றை அதிகமாகத் தள்ளுவதே நுரையீரலைக் கிழிக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. இப்போது நம் ஆள் சரியாக 6 மில்லி என்று செட் செய்துவிட்டு, சார்ட்டில் 6 என்று எழுதிவிட்டுப் போகிறார். இரண்டு மூச்சு அடுக்கி விழுந்தால் உள்ளே போவது கிட்டத்தட்ட 12. சார்ட் 6 என்கிறது. நுரையீரல் 12 வாங்குகிறது. ஆடிட்டர் பாஷையில் சொன்னால் புத்தகத்தில் ஒரு ஸ்டாக், குடோனில் வேறு ஸ்டாக்.

வேகம் போதாமல் மூச்சுக்கு ஏங்குவது, தேவைக்கு மேல் நீண்ட நேரம் தள்ளுவது என்று மற்ற ரகங்களும் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். யாரும் இழுக்காமலேயே மெஷின் ஏமாந்து மூச்சு கொடுப்பதும் உண்டு. குழாயில் தேங்கிய தண்ணீர் அசைந்தால் போதும். இதயம் துடிக்கும் அதிர்வே போதும். மூளைச்சாவு அடைந்தவர் சொந்தமாக மூச்சு விடுவது போல இப்படித் தோற்றம் காட்டிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இது எங்கோ ஒரு மூலையில் நடக்கிற அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். 2006-ல் பிரான்ஸில் 62 நோயாளிகளைக் கவனித்தபோது சுமார் நான்கில் ஒருவருக்கு, பத்து மூச்சில் ஒன்றுக்கு மேல் தாளம் தப்பியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தார்கள். 2015-ல் ஸ்பெயின்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். 50 நோயாளிகளின் 87 லட்சத்துக்கும் அதிகமான மூச்சுகளைக் கம்ப்யூட்டர் வைத்து ஒன்றுவிடாமல் அலசினார்கள். தாளம் தப்பாத நோயாளி ஒருவர்கூட இல்லை. பத்து சதவீதத்துக்கு மேல் தப்பியவர்களில் ஐ.சி.யூ.விலேயே இறந்தவர்கள் 67 சதவீதம், மற்றவர்களில் 14.

இந்த 67-ஐப் பிடித்துக்கொண்டு நான் கூத்தாடப் போவதில்லை. அந்தப் பிரிவில் இருந்தவர்களே 6 பேர்தான். நோய் முற்றியவர்களுக்குத்தான் தாளமும் அதிகம் தப்புகிறதோ என்னவோ. எது காரணம், எது விளைவு என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. ஆனால் 87 லட்சம் மூச்சில் தெரிந்த இன்னொரு உண்மை இருக்கிறது. இது எல்லோருக்கும் நடக்கிறது, இரவு பகலாக நடக்கிறது, ரவுண்ட்ஸ் வரும் ஐந்து நிமிடத்தில் மாட்டாது.

சரி, டாக்டர்களுக்குத் தெரியாதா? 2011-ல் இத்தாலியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உதரவிதானத்தின் மின் துடிப்பைப் பதிவு செய்து, அதை விடைத்தாளாக வைத்துக்கொண்டு, திரைக் கோடுகளை மட்டும் டாக்டர்களிடம் கொடுத்து எங்கெங்கே தாளம் தப்புகிறது என்று கேட்டார்கள். அனுபவசாலிகள் கண்டுபிடித்தது நூற்றுக்கு 28. அனுபவம் குறைந்தவர்கள் 16. நம்மூர்ப் பரீட்சையில் 35 எடுத்தால்தான் பாஸ். இத்தாலிக்கே இந்தக் கதி.

இதோடு நிறுத்தினால் நீங்கள் பத்திரிகையை மூடிவிட்டுப் பெருமூச்சு விடலாம். ஆனால் 2017-ல் இன்னொரு ஆய்வு. 366 ஐ.சி.யூ. ஊழியர்கள்: டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும். யார் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள்? டாக்டர்களா? இல்லை. பல வருஷம் சர்வீஸ் போட்டவர்களா? அதுவும் இல்லை. வென்டிலேட்டர் பற்றித் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டவர்கள். என்ன பட்டம், எத்தனை வருஷம் என்பது பெரிய விஷயமாக இல்லை. பயிற்சிதான் விஷயமாக இருந்தது.

இந்த ஒரு முடிவை நான் தங்க ஃபிரேம் போட்டு ஒவ்வொரு ஆஸ்பத்திரி டீன் அறையிலும் மாட்டச் சொல்வேன். இதன் அர்த்தம், ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற நர்ஸ் சிஸ்டர் இதைக் கற்றுக்கொள்ளலாம். அவர்தான் அங்கே இருக்கிறார். பெரிய டாக்டர் காலையில் வருவார்.

இதைக் கற்றுக்கொள்ளாத இடத்தில் கைக்கு எட்டுவது மயக்க மருந்து. அலாரம் அடிக்கிறது, நோயாளி திமிறுகிறார், ஒரு டோஸ் ஏற்று. அமைதி. மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி இருக்கலாம், பயம் இருக்கலாம், சில நோயாளிகளுக்கு ஆழ்ந்த மயக்கம் உயிர் காக்கும். திமிறுகிறவருக்குக் குழாயில் சளி அடைத்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கலாம். அதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமல் முதல் வேலையாகத் தூங்க வைப்பதைத்தான் கேட்கிறேன். 2000-ல் சிகாகோவில் 128 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், தினமும் ஒரு தடவை மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு வென்டிலேட்டர் இரண்டு நாளுக்கும் மேல் குறைந்தது. மயக்கம் ஆழமாக ஆழமாக, மெஷின் கவனிக்காமல் விடும் மூச்சுகள் கூடுகின்றன என்று 2009-ல் வந்தது. மூச்சு அடுக்கி விழுவதைக் குறைப்பதில் மயக்க மருந்தைக் கூட்டுவதைவிட மெஷினின் செட்டிங்கை மாற்றுவது அதிகம் பலன் தந்தது என்று 2013-ல் வந்தது. அதே வருஷம் இன்னொன்றும் வந்தது: நன்றாகத் தூங்க வைத்த நோயாளியிடம்கூட, மெஷின் தள்ளும் காற்றே உதரவிதானத்தைச் சீண்டி, எதிர்த் தாளத்தில் துடிக்க வைக்கிறதாம். ஆக, ஆள் அசையாமல் கிடப்பதால் சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் வேடிக்கை. 1952, கோபன்ஹேகன். போலியோ கொள்ளை நோயாகப் பரவுகிறது. பிளெக்டம் ஆஸ்பத்திரியில் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் வரிசையாக வந்து விழுகிறார்கள். மெஷின்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான். பியோர்ன் இப்சன் என்கிற மயக்கவியல் டாக்டர், தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்துக் காட்டினார். அமுக்குவதற்கு ஆள்? சுமார் 1,500 மாணவர்கள். ஷிஃப்ட் போட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வாரக்கணக்கில் அமுக்கினார்கள். இறப்பு விகிதம் கணிசமாக இறங்கியது. இன்றைய ஐ.சி.யூ.வுக்கு அதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள்.

அந்த மாணவர்களுக்குத் திரை கிடையாது, கோடு கிடையாது. கை இருந்தது. பையை அமுக்கும்போது எதிரே ஒரு தடுப்பு வந்தால் கைக்குத் தெரியும். குழந்தை தானாக இழுக்க ஆரம்பித்தால் பை இளகுவது தெரியும். கண்ணைப் பார்த்தால் போதுமா போதாதா என்று தெரியும். கை போய் மெஷின் வந்தது. மெஷினுக்குச் சலிக்காது, தூக்கம் வராது, ரொம்ப நல்லது. அந்தக் கையின் உணர்வுக்குப் பதிலாகத்தான் திரையில் அந்தக் கோடுகளை வைத்தார்கள். கோட்டைப் படிக்கத் தெரியாத இடத்தில் கையும் இல்லை, கண்ணும் இல்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பணக் கணக்கு. இங்கேதான் என் பி.காம். உதவும்.

2020 மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 3,100 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். 50,000 வென்டிலேட்டருக்கு 2,000 கோடி, புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு 1,000 கோடி, தடுப்பூசி ஆராய்ச்சிக்கு 100 கோடி. வகுத்துப் பாருங்கள், வென்டிலேட்டர் ஒன்றுக்கு 4 லட்சம். அந்த மூன்று தலைப்புகளில் பயிற்சி என்று ஒரு தலைப்பு கிடையாது. ஒரு மெஷினுக்கு 4 லட்சம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, அதன் முன்னால் நிற்கப் போகிற ஆளுக்கு அதே தாளில் நாலாயிரம் எழுதத் தோன்றவில்லை. இணையத்தில் வகுப்புகள் நடந்தன, மறுக்கவில்லை. அவசரத்தில் அதுவாவது நடந்ததே என்று சந்தோஷப்படுகிறேன். ஒரு வருஷம் கழித்து, 2021 மே 15. இரண்டாம் அலை உச்சத்தில் நாடே மூச்சுக்கு அலைகிறது. சில மாநிலங்களில் மத்திய அரசு அனுப்பிய வென்டிலேட்டர்கள் ஸ்டோர் ரூமில் சும்மா கிடப்பதாகச் செய்தி வர, உடனே தணிக்கை செய்யுங்கள் என்று பிரதமர் உத்தரவு போடுகிறார். மருத்துவ ஊழியர்களுக்கு மறுபயிற்சி கொடுங்கள் என்றும் சொல்கிறார். தேவைப்பட்டால்.

தேவைப்பட்டால்!

ஒரு கட்சியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த ஆட்சியானாலும் இந்த வியாதி ஒன்றுதான். மந்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தால் மெஷினுக்குப் பொட்டு வைப்பார், ரிப்பன் வெட்டுவார், மறுநாள் பேப்பரில் எத்தனை மெஷின் என்று எண் வரும். பயிற்சிக்கு எந்த இடத்தில் ரிப்பன் கட்டுவது? தனியார் ஆஸ்பத்திரியும் இதே ஜாதிதான். விளம்பரத்தில் அதிநவீன வென்டிலேட்டர் இத்தனை என்று போடுவார்கள். அதைப் படிக்கத் தெரிந்த சிஸ்டர்கள் இத்தனை என்று ஒரு விளம்பரம் நான் பார்த்ததில்லை. நீங்கள்?

கணக்குப் புத்தகத்திலேயே இந்தக் கோளாறு இருக்கிறது. மெஷின் வாங்கினால் அது சொத்து. பேலன்ஸ் ஷீட்டில் கம்பீரமாக உட்காரும், வருஷா வருஷம் தேய்மானம் எழுதலாம். நர்ஸுக்குப் பயிற்சி கொடுத்தால் அது செலவு. லாபத்திலிருந்து நேராகக் கழியும். அந்த சிஸ்டர் அடுத்த வருஷம் துபாய்க்குப் போய்விட்டால் செலவும் போச்சு, ஆளும் போச்சு என்று மேனேஜ்மென்ட் அழும். அதனால் பல இடங்களில் பயிற்சி என்பது மெஷின் விற்ற கம்பெனியின் ஆள் வந்து, எந்த பட்டன் எதற்கு என்று காட்டிவிட்டுப் போவதோடு முடிகிறது. கார் ஷோரூமில் வைப்பர் எங்கே, ஹாரன் எங்கே என்று காட்டுவார்களே, அது டிரைவிங் கற்றுக் கொடுப்பதாகுமா?

இன்னும் ஒன்று. தனியார் ஐ.சி.யூ. பில்லைப் பார்த்தால் பல இடங்களில் வென்டிலேட்டருக்கு நாள் வாடகை தனியாக இருக்கும். தாளம் சரியானால் சிலராவது சீக்கிரம் மெஷினை விட்டு இறங்குவார்கள் என்று நம்ப இடமிருக்கிறது. இறங்கினால் நாள் குறையும். நாள் குறைந்தால் பில் குறையும். யாரோ வேண்டுமென்றே நாளை நீட்டுகிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் சரி செய்தால் வருமானம் குறையக்கூடிய விஷயம் எந்த மேனேஜ்மென்ட் மீட்டிங்கிலும் முதல் அஜெண்டாவாக வராது. அதைக் கேட்க வேண்டியவர்கள் பணம் கட்டுகிற நாமும், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும். அரசு ஆஸ்பத்திரியில் பில் கிடையாது; க்யூ இருக்கிறது. ஒருவர் ஒரு நாள் முன்னால் இறங்கினால் ஆம்புலன்ஸில் காத்திருக்கும் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும்.

"ஆள் பற்றாக்குறை சார், ஒரு நர்ஸ் நாலு பெட்டைப் பார்க்கிறார், இதில் கோடு வேறு பார்க்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நர்ஸ்களைக் கூட்டுங்கள் என்பதுதான் அதற்குப் பதில், கற்றுக்கொடுக்காதீர்கள் என்பதல்ல. தெரிந்த கண்ணுக்கு ஒரு பார்வை போதும். தெரியாத கண், நாள் முழுக்க முறைத்தாலும் ஒன்றுதான்.

"புது மெஷின்கள் தானாகவே சரிசெய்துகொள்ளுமே?" என்பார்கள். இருக்கிறது. மூக்கு வழியாக விடும் குழாயில் சென்சார் வைத்து, உதரவிதானத்தின் மின் துடிப்பை நேரடியாகக் கேட்டு, அதற்கேற்ப மூச்சு கொடுக்கும் முறை பல வருஷமாக இருக்கிறது. நல்ல முறை. அந்தக் குழாய்க்கும் காசு, அந்த மெஷினுக்கும் காசு. எல்லா ஜில்லா ஆஸ்பத்திரிக்கும் அது வரும் நாளில், அதைப் புரிந்துகொண்டு செட் செய்ய ஓர் ஆள் அப்போதும் வேண்டும்.

பயிற்சி என்று நான் கேட்பது ஸ்டார் ஓட்டலில் ஒரு நாள் கருத்தரங்கு, மத்தியானம் பிரியாணி, சாயந்திரம் சர்ட்டிஃபிகேட் அல்ல. தங்கள் ஐ.சி.யூ.விலேயே ஓடும் திரைகளைப் பெயர் தெரியாமல் செல்போனில் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். வாரம் இரண்டு மணி நேரம், டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லாரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். எங்கே தப்புகிறது, எந்த ரகம், எந்தத் திருகைத் திருகுவது? அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் மார்பில் கண் வைத்து எண்ணி, திரை எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரீட்சை. ரிசல்ட்டை நோட்டீஸ் போர்டில் போட வேண்டாம், ஆனால் ட்யூட்டி லிஸ்ட் போடுகிறவருக்குத் தெரியட்டும்: ஒவ்வொரு ஷிஃப்டிலும் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று. இதற்கு ஒரு லேப்டாப்பும், சொல்லிக் கொடுக்க மனசுள்ள ஒரு சீனியரும் போதும். மனசுள்ள சீனியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் ஒதுக்கித் தருவதில்லை.

ரெஸ்பிரேட்டரி டெக்னாலஜிஸ்ட் என்று இதற்கென்றே படித்தவர்களும் உண்டு. 2021-ல் பார்லிமென்ட் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்தின் அட்டவணையில் அவர்கள் பெயர் இருக்கிறது. அட்டவணையில் பெயர் இருப்பதும், ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு ஒரு போஸ்ட் இருப்பதும் வேறு வேறு.

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் வீட்டு மனிதர் உள்ளே இருந்தால் எதையும் தொடாதீர்கள், யாரோடும் கத்தாதீர்கள். 'ஃபைட் பண்றார்' என்று சொன்னால், "மெஷினோட டைமிங் ஒத்துப்போகுதான்னு பார்த்தீங்களா டாக்டர்? செட்டிங் மாத்திப் பார்த்தாச்சா?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். எரிந்து விழுந்தால் அதுவும் ஒரு பதில்.

வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரிக்கு 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். இயங்கும் நிலையில் எத்தனை வென்டிலேட்டர்? அதன் திரைக் கோடுகளைப் படிக்கக் கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை டாக்டருக்கு, எத்தனை நர்ஸுக்கு, எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தீர்கள்? ரெஸ்பிரேட்டரி டெக்னாலஜிஸ்ட் போஸ்ட் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, அனுமதித்திருந்தால் எத்தனை காலி? மூன்றே கேள்வி. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஊர் பெயரோடு இதே பக்கத்தில் போடுகிறேன்.